வாய்விட்டுச் சொல்லாத பெயர்

பாகூர்
11.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சேது வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? புயல் செய்தி கேட்டு உன் மகன் கணேஷ்குமார் போன் செய்தானாம், பக்கத்து வீட்டு மஞ்சுளா சொன்னாள். என் போன் வழக்கம்போல அணைந்து கிடந்தது. உனக்கோ போனில் பேசுவது காதில் பிடிபடுவதில்லை. ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து இரண்டு நாளில் வடிந்துவிட்டது. அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்தன, வேறு சேதமில்லை. தென்பெண்ணைக் கரையில்தான் கொடுமை. செங்கல் சூளைகளில் வேலை செய்த ஒடிசாக்காரர்களின் குடிசைகளை ஆறு அடித்துப் போய்விட்டது. அவர்களுக்காகத் தவளக்குப்பத்தில், பூட்டிக் கிடந்த மரக்கடைக் கொட்டகையில் ஒரு தங்குமிடம் திறந்திருக்கிறார்கள். நடத்துபவர் கல்பனா என்ற பெண்மணி. பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "சார், நீங்க கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல பிறப்பு இறப்பு எழுதினவர்தானே? எங்களுக்குப் பதிவேடு எழுத ஆள் இல்ல. வர்றீங்களா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதற்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. எனக்கு இந்தி தெரியாது, ஒடியா தெரியாது. எழுபத்தொரு வயதில் நான் போவது அவர்களுக்கு உதவியா, தொந்தரவா என்றும் தெரியவில்லை. உன் கருத்தை எழுது.

உன் ஆசியை வேண்டும்,
சேது


கும்பகோணம்
18.12.2024

அன்புத் தம்பி சேதுவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். கடையை இப்போது முழுக்கக் கணேஷ்தான் பார்க்கிறான். நனைந்த புத்தகங்களை வெயிலில் விரித்து வைக்காதே, நிழலில் வை.

என் கருத்தைக் கேட்கிறாய். என் கடிதம் வருவதற்குள் நீ ஒரு வாரம் போய் வந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? போடா, நல்ல காரியம். ஆனால் ஒன்று. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் ஐயா" சொல்லப் பயந்து, முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே வராதவனாக எழுதப்பட்ட பிள்ளை நீ. அந்த ஜனங்களிடமாவது வாயைத் திறந்து கேள். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே.

மழைக்காலம். வெந்நீர் குடி.

வசந்தா அக்கா


பாகூர்
27.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னது சரி, அது வருவதற்குள் எட்டு நாள் போய் வந்துவிட்டேன்.

இரண்டு பதிவேடுகள் வைத்திருக்கிறேன். குடும்பமாக வந்தவர்களுக்குப் பச்சை அட்டை. துணையில்லாத பெண்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சளில் உள்ள பெயர்களைப் போனில் கேட்கும் யாருக்கும் சொல்லக் கூடாது. சூளைத் தரகர்கள் அண்ணன் என்றும் மாமன் என்றும் சொல்லிக்கொண்டு ஆட்களைத் திரும்ப இழுத்துப் போகப் பார்ப்பார்களாம். கல்பனா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு பெண்ணைப் பற்றி உனக்கு எழுத வேண்டும். பெயர் ரைமதி. இருபத்தைந்து வயதிருக்கும். குனி என்று மூன்று வயதுப் பெண் குழந்தை. இரண்டு வருடம் சூளைக்கு வந்து போனதில் கொஞ்சம் தமிழ் தெரியும். நான் பதிவு எழுதிய முதல் நாள் அவள் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, கையில் வளையல் இல்லை. சமையல் பார்க்கும் காசம்மாள் என் பக்கத்தில் இருந்தாள். "புருசன் பேரு இன்னாம்மா?" என்று அவள்தான் கேட்டாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது. கண்ணில் நீர் கோத்தது.

அத்தோடு நிறுத்திக்கொண்டேன். புண்ணைக் கிளறுவானேன்? ஆனால் முப்பத்துநான்கு வருடம் பதிவு எழுதியவன் நான், கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை. 'கணவரை இழந்தவர்' என்று எழுதி மஞ்சள் அட்டையில் சேர்த்தேன். கல்பனா அதைப் படித்துவிட்டு, அவளிடம் யாரும் புருஷனைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இங்குள்ளவர்கள் அவ்வளவு நல்லவர்கள்.

அந்தப் பெண் தினமும் வாசல் கேட்டருகே நிற்கிறது. காசம்மாள் சொல்கிறாள்: "அவங்க வருவாங்க, அவங்க வருவாங்கன்னுது சார். யாருடின்னா வாயத் தொறக்கல. சோறும் சரியா துன்றதில்ல. பாவம், புத்தி கலங்கிப்போச்சி."

துணையில்லாத பெண்களைப் பொங்கலுக்கு முன், ஜனவரி 11ஆம் தேதி, சேலம் பக்கத்தில் ஒரு மகளிர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே தையல் கற்றுத் தருவார்களாம். அவளுக்கு ஒரு வழி பிறந்தால் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சேது


பாகூர்
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருமுன் இதை எழுதுவதற்கு மன்னிக்கவும். நலமாகவே இருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறேன். நேற்று நான் ஒரு தரகனை விரட்டினேன்.

கல்பனா வெளியே போயிருந்தார். தங்குமிடத்துப் போன் என்னிடம் இருந்தது. பகல் பன்னிரண்டு இருபதுக்கு அடித்தது. அரைகுறைத் தமிழில் ஒரு ஆண் குரல்.

"சார், சூளை ஆளு சார். என் ஊட்டுக்காரி ரைமதி, பொண்ணு குனி. அங்க இருக்குதா சார்?"

"நீங்கள் யார்?"

"புருசன் சார். தனேஸ்வர்."

மஞ்சள் அட்டையை எடுத்து முறையாகப் பார்த்தேன். அவள் கணவரை இழந்தவள், இவன் கணவன் என்கிறான். தரகர்களுக்கு எல்லார் பெயரும் தெரியும் என்று கல்பனா சொன்னது நினைவுக்கு வந்தது.

"அப்படி யாரும் இங்கே இல்லை."

"நல்லா பாருங்க சார். சின்னப் பொண்ணு சார்."

"பார்த்தாயிற்று. இல்லை. இனி இங்கே பேச வேண்டாம்" என்று வைத்துவிட்டேன். காசம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "யப்பா, சாருக்கு இவ்ளோ சத்தம் வருமா!" என்றாள். பெயர், எண், நேரம் மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

என் வாழ்நாளில் நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நீயே அதற்காக என்னைக் கடிந்திருக்கிறாய். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சேது


கும்பகோணம்
4.1.2025

தம்பி சேதுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் 27ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடே, நம் அம்மா ஒரு நாளாவது அப்பா பெயரைச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? ரேஷன் அட்டைக்கு எழுத வந்தவர் கேட்டபோது என்ன செய்தாள்? "எங்க வூட்டுக்காரரு பேரா? டேய் சேது, நீ சொல்றா" என்று உன்னை முன்னே தள்ளினாள். நீ சொல்ல வெட்கப்பட்டு அழுதாய், கடைசியில் நான் சொன்னேன். நானே என் வீட்டுக்காரர் பெயரை நாற்பத்தோரு வருடம் சொன்னதில்லை. அவர் போன பிறகு வங்கியில் கேட்டார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

அந்தப் பெண் பேசாமல் இருந்தால் புருஷன் செத்துவிட்டான் என்று அர்த்தமா? வெள்ளத்தில் வந்தவள் நெற்றியில் குங்குமம் எப்படி நிற்கும்? "அவங்க வருவாங்க" என்கிறாளாம். அந்த 'அவங்க' யார் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? அவளுக்குப் புத்தி கலங்கவில்லை, உனக்குத்தான்.

11ஆம் தேதிக்குள் போய்க் கேள். பெயரைக் கேட்காதே. இருக்கிறானா என்று கேள்.

வசந்தா


கும்பகோணம்
8.1.2025
விரைவுத் தபால்

சேது,

உன் 3ஆம் தேதிக் கடிதம் வந்தது. சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை.

நீ பிறந்து எழுபத்தொரு வருடம் கழித்து 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொள்ள இந்த மனுஷன்தானா கிடைத்தான்?

கணேஷ் காலையிலிருந்து ஐந்து தடவை உனக்குப் போன் போட்டான். தொலைந்த போனை ஒரு நாள் திறந்து வை. உடனே போ.

வசந்தா


கும்பகோணம்
22.1.2025

தம்பிக்கு,

பொங்கல் போய்விட்டது. 11ஆம் தேதியும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று உன் பக்கத்து வீட்டு மஞ்சுளாவுக்குப் போன் போட்டுக் கணேஷ் தெரிந்துகொண்டான். "காலையில போனா சாயங்காலம்தான் வர்றார், பேச்சே இல்ல" என்றாளாம். அந்தப் பெண் சேலத்துக்குப் போய்விட்டாளா? நல்லதோ கெட்டதோ எழுது. திட்டமாட்டேன்.

அக்கா


பாகூர்
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ரைமதி சேலத்துக்குப் போகவில்லை. தனேஸ்வர் இங்கே வந்துவிட்டான். குனி இப்போது அவன் தோளில்தான் குடியிருக்கிறாள்.

இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் 4ஆம் தேதிக் கடிதம் 8ஆம் தேதி வந்தது. நின்றபடி படித்தேன். அன்றைக்கே கல்பனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் தங்குமிடத்துக்குப் போய், பதிவேட்டைத் திறந்து, மூடிவிட்டுத் திரும்பினேன். ஒருவேளை நான் எழுதியதே சரியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சரியாக இருக்க வேண்டுமென்றால் ஒருவன் செத்திருக்க வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

11ஆம் தேதி காலை ஏழு மணிக்கு நான் போனபோது வேன் வாசலில் நின்றது. ரைமதி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். ஓட்டுநர், "யோவ் பெருசு, ஓரமா போய்யா. காலைலயே ஏன் உசுர வாங்கற?" என்று கத்தினார். கல்பனா ஓடி வந்தார். "நான் தப்பாக எழுதிவிட்டேன். அவளைக் கேட்காமல் எழுதினேன்" என்று மட்டும் அவரிடம் சொல்ல முடிந்தது. பிறகு போன் குறிப்பேட்டைத் திறந்து, வேன் ஜன்னல் பக்கம் நின்று, அந்தப் பெயரைப் படித்தேன். "தனேஸ்வர்."

அக்கா, அவள் சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். காசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, நானும் ஒரு பொம்பளையா! எனக்குத் தெரிய வேணாம்? நான் மட்டும் என் வூட்டுக்காரன் பேர சொல்றனா?" என்று அழுதாள். கல்பனா என்னைத் திட்டவில்லை. "போன் எப்ப வந்தது சார்?" என்று கேட்டார். இரண்டாம் தேதி என்றேன். "அப்ப உயிரோடதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வேனிலிருந்து மூட்டையை அவரே இறக்கினார்.

அந்த எண், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூரில் ஒரு பஞ்சர் கடை. கல்பனா அழைத்துப் பார்த்தார். "ஒடிசாக்காரனா? அவன் இப்ப இங்க இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நேரில் போனால் ஏதாவது தெரியும் என்று நான் சொன்னேன். யார் போவது என்று கேட்டபோது, நான் என்றும் நானே சொன்னேன். துணைக்குக் காசம்மாள் வந்தாள்.

பஞ்சர் கடைக்காரர் செல்லக்கண்ணு நல்ல மனிதர். முழுவதும் சொன்னார். வெள்ளம் வந்த அன்று தனேஸ்வர் விறகு ஏற்றுவதற்காக அக்கரை வந்திருக்கிறான். டிராக்டர் கவிழ்ந்து கால் முறிந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். வெளியே வந்ததும் கிடைத்த எண்ணுக்கெல்லாம் இவர் போனிலிருந்து பேசியிருக்கிறான்.

"எட்டு எடத்துக்கு போட்டான் சார். எங்கயும் இல்லன்னுட்டாங்க. கடைசியா ஒரு எடம். எவனோ ஒரு கெழவன், இனிமே பேசாதன்னு சொல்லி வச்சிட்டானாம். அப்டியே தோ, இந்த டயர் மேல குந்தினவன்தான். ஒருநாள் பூரா எந்திரிக்கல."

காசம்மாள் என்னைப் பார்த்தாள்.

யாரோ நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்ட அழைத்துப் போனதாகச் சொன்னார். எந்தத் தோட்டம் என்று தெரியாது. பொங்கல் சமயம், வேலை பாதி இடத்தில் நின்றிருந்தது. ஐந்து நாள் பேருந்தில் போய் வந்தோம். காசம்மாள் ஒவ்வொரு தோட்டத்து வரப்பிலும் நின்று, "ஒடிசாக்கார தம்பி! ரைமதி புருசா!" என்று கூவினாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆறாம் நாள், 17ஆம் தேதி, ஒரு தோட்டத்தில் காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒருவன் திரும்பிப் பார்த்தான். காசம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் நான்தான் சொன்னேன். "ரைமதி இருக்கிறாள். குழந்தையும் இருக்கிறது." அவன் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தான். நம்ப முடியவில்லை போலும் என்று நினைத்தேன்.

தவளக்குப்பத்தில் அவனைப் பார்த்ததும் ரைமதி ஓடி வரவில்லை. தலையை மூடிக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். பிறகுதான் அழுதாள். குனிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. காசம்மாள் சேலைக்குள் ஒளிந்துகொண்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அப்புறம் அவன் தோளைவிட்டு இறங்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பதிவேடு திருத்தப்பட்டுவிட்டது. பிப்ரவரி 8ஆம் தேதி ரயிலில் ஊருக்குப் போகிறார்கள்.

சேது


கும்பகோணம்
2.2.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை நான் படித்து, கணேஷ் படித்து, அவன் மனைவி தீபிகா படித்து, மறுபடி நான் படித்தேன். எனக்கு முழங்கால் வலியே இரண்டு நாளாக மறந்துவிட்டது. வேன் முன்னால் நின்றாயாமே! அம்மா இருந்திருந்தால் உனக்குத் திருஷ்டி சுற்றியிருப்பாள். அந்தக் காசம்மாளுக்கு என் பெயரைச் சொல்லி ஒரு புடவை வாங்கிக் கொடு.

ஆனால் பக்கம் பக்கமாக எழுதியவன் ஒன்றை எழுதவில்லை. போனில் இல்லை என்று சொன்ன கிழவன் நீதான் என்று அவனிடம் சொன்னாயா?

எட்டாம் தேதி ரயில் என்கிறாய். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அக்கா


பாகூர்
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். புடவை வாங்கிக் கொடுத்துவிட்டேன். "உங்க அக்காவுக்குக் கலர் தெரியும் சார், உங்களுக்குத் தெரியாது" என்றாள். எடுத்தது நான்.

நீ நினைத்தது சரிதான். சொல்லவில்லை. தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கால் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் கடிதம் 6ஆம் தேதி வந்தது. 7ஆம் தேதி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கல்பனா, காசம்மாள், ரைமதி எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொன்னால் பாதியில் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்றைக்குப் போனில் இல்லை என்று சொன்னது நான். உங்களைத் தரகன் என்று நினைத்தேன். உங்கள் மனைவியைக் கணவரை இழந்தவர் என்று எழுதியதும் நான்தான்."

அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"தெரியும் சார்" என்றான்.

"எப்படி?"

"கொரலு. கரும்புத் தோட்டத்துல நீ வாயத் தொறந்த உடனே தெரியும்."

"தெரிந்துமா ஒன்றும் கேட்கவில்லை?"

அவன் தமிழில் தேடித் தேடிச் சொன்னான். "எட்டு எடத்துல இல்ல சொன்னாங்க சார். நீ ஒம்போது. வந்தது நீ ஒருத்தருதான்."

காசம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவன் அதற்குள் கல்பனாவின் போனை வாங்கி ஏதோ எண்ணை அழுத்திக்கொண்டிருந்தான். ஒடிசாவில் பலாங்கீர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அவன் தாய் இருக்கிறாள். என் பேச்சைக் கேட்ட அன்று அவன் ஊருக்குப் பேசி, மருமகளும் பேத்தியும் போய்விட்டார்கள் என்று அழுதிருக்கிறான். இப்போது இருக்கிறார்கள் என்று சொன்னால் அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்கு மகன் பொய் சொல்கிறான் என்கிறாள். ரைமதி பேசினால் யாரோ ஒருத்தியின் குரல் என்கிறாள். குனியோ போனைக் கண்டால் ஊமையாகிவிடுகிறாள்.

"நீ சொல்லு சார். ஆபீசரு சொன்னா நம்பும்."

"எனக்கு ஒடியா தெரியாதே."

"தமிழ்லயே சொல்லு."

போனை என் கையில் திணித்துவிட்டான். அந்தப் பக்கம் ஒரு கிழவியின் மூச்சு மட்டும் கேட்டது. எழுந்து நின்றேன். என்னிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை, அக்கா. "இருக்காங்க அம்மா! மூணு பேரும் இருக்காங்க! ரைமதி இருக்கா! குனி இருக்கா! நான் பார்த்தேன், என் கண்ணால பார்த்தேன்!" கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரோட்டில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார்.

அந்தப் பக்கம் கிழவி நீளமாக ஏதோ சொன்னாள். தனேஸ்வர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். ரைமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாய்யா சொல்லுது உங்க ஆத்தா?" என்றாள் காசம்மாள்.

"நம்புறேன்னுது. இவ்ளோ கத்த வேணாம், காது நல்லா கேக்குதுன்னுது."

நேற்று முன்தினம் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். இன்று வழியிலிருந்து போன் செய்தார்கள். என் போனை நான் இப்போது அணைப்பதில்லை.

உன் அன்புத் தம்பி,
சேது